அட், ஒன், இன் ஓரளவு பிடிபட்டுது. பை, அன்டில், சின்ஸ்தான் இடிக்குது

கேட்டவர்: கல்லாற்று மணல்

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். ஓ.எல். பிள்ளைகளின்ர இங்கிலீஷ் விடைத்தாள்களில நேரம் சொல்லுற முன்னிடைச்சொற்கள் பற்றி ஒரு கேள்வி. இங்கிலீஷ் வசனங்களையும் தமிழ் எழுத்திலயே எழுதுறன், போனில கீபோர்ட்டை மாத்தி மாத்தித் தட்ட ஏலாது.

மணிக்கு அட், நாளுக்கு ஒன், மாசத்துக்கும் வருசத்துக்கும் இன் என்ற சூத்திரம் எல்லாப் பிள்ளைக்கும் பாடம். அதைத் தாண்டின உடனே சறுக்குது. திரும்பத் திரும்ப வாற பிழைகள் இவை:

"ஐ வில் கிவ் த புக் அன்டில் ஃப்ரைடே."
"மை ஃபாதர் இஸ் வேர்க்கிங் இன் கட்டார் சின்ஸ் த்ரீ இயர்ஸ்."
"ஹி கேம் பிஃபோர் டூ டேய்ஸ்."
"வி வில் கோ டு பாசிக்குடா ஒன் நெக்ஸ்ட் சண்டே."
"ஐ கோ டு சேர்ச் இன் சண்டே மோர்னிங்."
"டியூரிங் ஐ வோஸ் ஸ்லீப்பிங், த ரெய்ன் ஸ்டார்ட்டட்."

சரியான விடையை எழுதிக் குடுக்கலாம். ஆனா "ஏன் சேர் பிழை?" என்று கேட்டால் சொல்லுறதுக்கு ஒரு நேரான காரணம் வேணும். சும்மா மனப்பாடம் பண்ணச் சொன்னால் அடுத்த தாளில அதே பிழை வேற உடுப்பில வருது. படிப்பிக்கிற ஆக்கள் கொஞ்சம் விளக்கமா எழுதுங்க.

வாவிக்கரை

முதலாவது வசனத்தையே எடுப்பம், மற்ற எல்லாத்தையும் விட அதுதான் ஆழமான பிழை.

"வெள்ளி மட்டும் இருப்பன்", "வெள்ளிக்குள்ள தருவன்" என்று நாம தமிழில ரெண்டையும் பிரிச்சுத்தான் பேசுறம். பிள்ளை இங்கிலீஷுக்குப் போகும்போது "கடைசி நாள் வெள்ளி" என்ற ஒரு எண்ணம் மட்டும் மனசில நிக்குது, உடனே அன்டிலைப் போடுது. பார்க்கவேண்டியது வெள்ளியை இல்லை, வினையை.

நீண்டுகொண்டு போகக்கூடிய வினை என்றால் அன்டில்: வெய்ட், ஸ்டே, ஸ்லீப், வேர்க், பி ஓபன். ஒரு கட்டத்தில நடந்து முடியிற வினை என்றால் பை: கிவ், ஃபினிஷ், சப்மிட், ரிட்டேன், அரைவ். பிள்ளைக்குச் சொல்லுற சோதனை இது: தமிழில "தொடர்ந்து" என்ற சொல்லை நடுவில வைச்சுப் பார்க்கச் சொல்லுங்க. "வெள்ளி மட்டும் தொடர்ந்து நிற்பேன்" பொருந்துது, ஆகவே "ஐ வில் ஸ்டே அன்டில் ஃப்ரைடே." "வெள்ளி மட்டும் தொடர்ந்து புத்தகத்தைக் குடுப்பேன்" என்றால் சிரிப்பாங்க. ஆகவே "ஐ வில் கிவ் த புக் பை ஃப்ரைடே."

எதிர்மறை வசனத்தில இந்தச் சோதனையைக் கவனமாப் பாவிக்கவேணும். "ஹி வோன்ட் ஃபினிஷ் அன்டில் ஃப்ரைடே" என்பதும் சரி, "ஹி வோன்ட் ஃபினிஷ் பை ஃப்ரைடே" என்பதும் சரி. கருத்துத்தான் வேற. முதலாவதில, வெள்ளி வரும் வரைக்கும் வேலை முடியாது, வெள்ளியில முடியும். ரெண்டாவதில, வெள்ளி வந்தாலும் வேலை முடிஞ்சிருக்காது. "முடியாமல் இருத்தல்" என்பது நீளுற நிலை, அதனாலதான் ஃபினிஷ் என்ற முடியிற வினையோடயும் அன்டில் சேருது. இதைக் கேட்டு வாற ஏ.எல். பிள்ளைகளும் இருக்கிறாங்க.

வாக்கிய அமைப்பில ரெண்டு விசயம் இருக்கு. பையுக்குப் பின்னால எழுவாயும் வினையும் நேரா வராது. "பை த பஸ் கேம்" பிழை, "பை த டைம் த பஸ் கேம், த எக்ஸாம் ஹேட் ஸ்டார்ட்டட்" சரி. அன்டிலுக்குப் பின்னால எழுவாயும் வினையும் வரலாம், ஆனா அங்க வில் வராது. "வெய்ட் அன்டில் ஐ வில் கம்" என்று எழுதினால் வில்லை வெட்டிவிடுங்க.

டில் என்பதும் அன்டில்தான், கருத்தில வித்தியாசம் இல்லை. கடிதத்திலயும் கட்டுரையிலயும் அன்டில் எழுதப் பழக்கினால் போதும்.

நெல்லுவயல்\_சம்மாந்துறை

சேர், அட், ஒன், இன் சூத்திரம் "பாடம்" என்றீங்க. ஆனா உங்கட ஐந்தாவது வசனம் அந்தச் சூத்திரத்திலயே விழுந்த பிழை.

மோர்னிங், ஆஃப்டர்நூன், ஈவினிங் மூண்டும் தனியா நின்றால் இன் த. நைட் மட்டும் அட், அதுவும் த இல்லாம: "அட் நைட்." இது வரைக்கும் எல்லா வகுப்பிலயும் சொல்லுவாங்க. நாளின்ர பெயரோ திகதியோ வந்து ஒட்டினால் என்ன நடக்கும் என்றதைத்தான் விட்டுடுவாங்க. நாள் வந்த உடனே அந்தக் காலைப்பொழுது ஒரு குறிப்பிட்ட நாளின்ர துண்டு ஆகுது, இன் விலகி ஒன் வந்திடும்: "ஒன் சண்டே மோர்னிங்", "ஒன் ஃப்ரைடே நைட்", "ஒன் த மோர்னிங் ஒஃப் 26 டிசம்பர் 2004." சுனாமி அடிச்ச காலையைப் பற்றி எழுதாத பிள்ளை நம்மட கரையில இல்லை, அந்தத் திகதியை வைச்சே பழக்கலாம். 1978 சூறாவளியும் அப்பிடித்தான்: "த சைக்ளோன் ஹிட் பெட்டிக்கலோ ஒன் 23 நவம்பர் 1978." நாளை எடுத்துப்போட்டால் "இன் நவம்பர் 1978", மாசத்தையும் எடுத்தால் "இன் 1978." ஒரே சம்பவத்தை மூண்டு விதமா எழுதவைச்சால், பெரிய அலகு எது, சின்ன அலகு எது என்று பிள்ளைக்குத் தானா விளங்கும். திகதியில நாள் இருக்கிற வரைக்கும் ஒன்தான், பின்னால மாசமும் வருசமும் எவ்வளவு நீண்டாலும்.

காலைக்கு முன்னால அடைமொழி வந்தாலும் ஒன்: "ஒன் எ ரெய்னி மோர்னிங்." ஏர்லி, லேட் ரெண்டும் இதில சேராது, "இன் த ஏர்லி மோர்னிங்" என்றே நிக்கும்.

வழக்கமாச் செய்யிற வேலை என்றால் நாளைப் பன்மையில எழுதுறது அழகு. உங்கட வசனத்துக்கு நல்ல விடை: "ஐ கோ டு சேர்ச் ஒன் சண்டே மோர்னிங்ஸ்."

"இன் த நைட்" எப்பவும் பிழை இல்லை. ஒரு குறிப்பிட்ட இரவின்ர நடுவில நடந்ததைச் சொன்னால் வரும்: "த பேபி வோக் அப் இன் த நைட்." பொதுவான இரவுக்கு மட்டும் அட் நைட்.

பண்டிகைகளுக்கு வருவம். காலப்பகுதியாப் பார்த்தால் அட், அந்த ஒரு நாளைச் சொன்னால் ஒன். "அட் கிறிஸ்மஸ்", "ஒன் கிறிஸ்மஸ் டே." அதே மாதிரி "அட் தீபாவளி", "ஒன் தீபாவளி டே", "ஒன் போயா டே." நோன்பு ஒரு மாசம், அதனால "இன் ரமழான்" அல்லது "டியூரிங் ரமழான்." நோன்பு திறக்கிறது ஒரு கணம், அதனால "அட் சன்செட்." ஒரே வசனத்தில ரெண்டும் வரும்: "டியூரிங் ரமழான் வி ப்ரேக் அவர் ஃபாஸ்ட் அட் சன்செட்." மாமாங்கத் திருவிழாவை வைச்சு எழுதினால் ஃபோரும் ஒன்னும் சேர்ந்து வரும்: "த ஃபெஸ்டிவல் லாஸ்ட்ஸ் ஃபோர் டென் டேய்ஸ் அண்ட் எண்ட்ஸ் ஒன் த நியூ மூன் டே ஒஃப் ஆடி."

கல்லாற்று மணல்

"தொடர்ந்து" சோதனை நல்லா இருக்கு வாவிக்கரை, நன்றி. ஒரு சந்தேகம். "மூணு நாளைக்குள்ள தருவன்" என்றதுக்குப் பிள்ளைகள் "பை த்ரீ டேய்ஸ்" என்று எழுதுறாங்க. "இன் த்ரீ டேய்ஸ்" என்று திருத்தினால் கருத்து மாறுதா? வித்தின் எங்க வரும்?

மற்றது, வார இறுதிக்கு அட்டா ஒன்னா? ரெண்டையும் எழுதுறாங்க.

வாவிக்கரை

-க்குள் என்ற உருபு தமிழில ரெண்டு வேலையையும் பார்க்குது, குழப்பம் அங்கதான். "வெள்ளிக்குள்" என்றால் காலக்கோட்டில ஒரு புள்ளி, "மூன்று நாளுக்குள்" என்றால் ஒரு நீளம். இங்கிலீஷில புள்ளிக்கு பை, நீளத்துக்கு வித்தின். "பை ஃப்ரைடே", "வித்தின் த்ரீ டேய்ஸ்." மாத்திப் போட்டால் ரெண்டும் பிழை.

இன் போட்டால் கருத்து மாறும். "ஐ வில் ரிட்டேன் த புக் இன் த்ரீ டேய்ஸ்" என்றால் இண்டையில இருந்து மூண்டு நாள் கழிச்சுத் தருவன் என்றுதான் வாசிக்கிறவர் எடுப்பார். நாளைக்கே தந்தாலும் சரி என்ற இடம் வித்தின்னில இருக்கு, இன்னில இல்லை. "த ட்ரெய்ன் வில் லீவ் இன் டென் மினிட்ஸ்" என்றால் பத்து நிமிசத்தில புறப்படும். வித்தின் போட்டால் அஞ்சாவது நிமிசத்திலயும் புறப்படலாம். ஸ்டேசனில நிக்கிற ஆளுக்கு இந்த வித்தியாசம் பெரிசு.

இன்னுக்கு இன்னொரு வேலையும் இருக்கு, ஒரு காரியத்துக்கு எடுத்த நேரம்: "ஷி ரோட் த எஸே இன் ட்வென்ட்டி மினிட்ஸ்." இதில "இனிமேல்" என்ற கருத்தே இல்லை, அதனால கடந்தகால வினையோடயும் வரும். அதே வசனத்தில ஃபோர் போட்டால் இருபது நிமிசம் எழுதிக்கொண்டிருந்தாள் என்றாகும், கட்டுரை முடிஞ்சுதா இல்லையா என்று தெரியாது.

செங்கலடிச்சந்தி

வார இறுதி பற்றி: பிரித்தானிய வழக்கில "அட் த வீக்கெண்ட்", அமெரிக்க வழக்கில "ஒன் த வீக்கெண்ட்." நம்மட பாடத்திட்டம் பிரித்தானிய வழக்கோட போறதால அட் படிப்பிக்கலாம், ஆனா ஒன்னுக்குப் புள்ளி வெட்டுறது நியாயமில்லை. "இன் த வீக்கெண்ட்" என்று எழுதினால் வெட்டுங்க.

"ஒன் நெக்ஸ்ட் சண்டே" பற்றி. நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி வந்தால் அட், ஒன், இன் மூண்டும் விழுந்திடும். டுமொரோ, யெஸ்டர்டே, டுனைட் வந்தாலும் அதே கதி. "வி வில் கோ டு பாசிக்குடா நெக்ஸ்ட் சண்டே." "ஐ மெட் ஹிம் லாஸ்ட் வீக்." "கம் டுமொரோ மோர்னிங்," இங்க மோர்னிங் இருக்கு என்று இன்னைச் செருகுவாங்க, கவனம்.

ஆனா "நெக்ஸ்ட் வந்தால் முன்னிடைச்சொல்லே வராது" என்று படிப்பிக்கக்கூடாது. அப்பிடிப் படிச்ச பிள்ளை "ஃபினிஷ் இட் பை நெக்ஸ்ட் சண்டே" என்றதில இருக்கிற பையையும் வெட்டிப்போடும். விழுறது அட், ஒன், இன் மட்டும். பை, அன்டில், சின்ஸ், ஃப்ரொம் எல்லாம் நிக்கும்: "சின்ஸ் லாஸ்ட் வீக்", "அன்டில் டுமொரோ." லாஸ்டுக்கு முன்னால த வந்தால் அது வேற கணக்கு, "ஒன் த லாஸ்ட் ஃப்ரைடே ஒஃப் த மந்த்" சரி. அங்க லாஸ்ட் என்றால் "போன" இல்லை, "கடைசி".

டியூரிங், வைல் சிம்பிள். பின்னால பெயர் வந்தால் டியூரிங், எழுவாயும் வினையும் வந்தால் வைல். "வைல் ஐ வோஸ் ஸ்லீப்பிங்" அல்லது "டியூரிங் த நைட்." அதோட டியூரிங் எப்ப நடந்தது என்று சொல்லுமே தவிர எவ்வளவு நேரம் என்று சொல்லாது. "இட் ரெய்ன்ட் டியூரிங் த்ரீ அவர்ஸ்" பிழை. "இட் ரெய்ன்ட் ஃபோர் த்ரீ அவர்ஸ் டியூரிங் த மேட்ச்" என்று ரெண்டையும் ஒரே வசனத்தில வைச்சுக் காட்டுங்க.

ஒலுவில் காற்று

கட்டார் வசனத்தை ஒருத்தரும் தொடவே இல்லையே. இந்தப் பக்கம் ரெண்டு வீட்டுக்கு ஒரு பிள்ளை எழுதுற வசனம் அது.

அதில பிழை ஒண்டில்லை, ரெண்டு. சின்ஸுக்குப் பின்னால தொடங்கின புள்ளி வரவேணும், ஃபோருக்குப் பின்னால நீளம். "சின்ஸ் 2021", "ஃபோர் த்ரீ இயர்ஸ்." இது எல்லாருக்கும் தெரியும், அதனால பிள்ளை சின்ஸை வெட்டி ஃபோர் போட்டுட்டு விட்டுடும்: "மை ஃபாதர் இஸ் வேர்க்கிங் இன் கட்டார் ஃபோர் த்ரீ இயர்ஸ்." இப்ப பார்வைக்குச் சரி மாதிரி இருக்கு, ஆனா கருத்து ஓடிப்போச்சு. இதை வாசிக்கிற ஆள், வாப்பா மூண்டு வருச ஒப்பந்தத்தில போயிருக்கார் என்றுதான் நினைப்பார். மூண்டு வருசம் முடிஞ்சு இன்னும் அங்கதான் நிக்கிறார் என்ற கருத்து வரவேணும் என்றால் காலத்தையும் மாத்தவேணும்: "மை ஃபாதர் ஹேஸ் பீன் வேர்க்கிங் இன் கட்டார் ஃபோர் த்ரீ இயர்ஸ்."

இது ஏன் பிழைக்குது என்றால், "மூணு வருசமா வேலை செய்யிறார்" என்று நாம நிகழ்காலத்திலயே சொல்லிடுறம். அண்டு தொடங்கி இண்டு வரைக்கும் வந்திருக்கு என்ற விசயத்தை "-ஆ" என்ற ஒரு எழுத்து சுமக்குது. இங்கிலீஷில அந்தச் சுமையை வினை சுமக்கவேணும். ஆகவே முன்னிடைச்சொல்லை மட்டும் திருத்தி விடாதீங்க, வினையையும் சேர்த்துத் திருத்துங்க.

பழக்குறதுக்கு ஊர் விசயங்களே போதும். கல்லடியில பழைய மானிங் பாலம் 1924இல கட்டினது: "த ப்ரிட்ஜ் ஹேஸ் ஸ்டுட் ஓவர் த லகூன் சின்ஸ் 1924." அதே வசனத்தை ஃபோர் போட்டு மாத்தச் சொல்லுங்க, பிள்ளை கழிச்சுப் பார்த்து நூறு வருசத்துக்கு மேல என்று எழுதவேணும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம் 1986: "இட் ஹேஸ் பீன் எ யூனிவேர்சிட்டி சின்ஸ் 1986." புள்ளியை நீளமாக்குறதும் நீளத்தைப் புள்ளியாக்குறதும் கணக்குப் பயிற்சி மாதிரி நடந்தால், ரெண்டின்ர வேலையும் பிரிஞ்சு நிக்கும்.

ஃபோர் கடந்தகாலத்தோடயும் வரும் என்றதை மறக்காமச் சொல்லுங்க. "ஹி வேர்க்ட் இன் கட்டார் ஃபோர் த்ரீ இயர்ஸ்" என்றால் ஆள் திரும்பி வந்திட்டார். சின்ஸோட அந்த எளிய கடந்தகாலம் ஒட்டாது, "ஹி வேர்க்ட் இன் கட்டார் சின்ஸ் 2021" எழுத ஏலாது.

ஃப்ரொம் போட்டுத் தப்புறதும் ஒரு வழக்கம்: "ஐ லிவ் இன் அக்கரைப்பற்று ஃப்ரொம் 2015." ஃப்ரொம் தொடக்கத்தைச் சொல்லும், ஆனா இண்டையோட கட்டாது. "த ஒஃபிஸ் இஸ் ஓபன் ஃப்ரொம் நைன் டு ஃபோர்" மாதிரி இடத்துக்கு அது. "சின்ஸ் மோர்னிங்" என்று நம்மட பக்கம் எழுதுறதும் பேச்சு வழக்கு, பரீட்சையில "சின்ஸ் திஸ் மோர்னிங்" எழுதச் சொல்லுங்க.

"பிஃபோர் டூ டேய்ஸ்" எங்க இருந்து வருது என்றால், "ரெண்டு நாளைக்கு முன்னம்." இப்ப நிக்கிற இடத்தில இருந்து பின்னால எண்ணினால் அகோ, அது எண்ணுக்குப் பின்னால வரும்: "ஹி கேம் டூ டேய்ஸ் அகோ." இதோட எளிய கடந்தகாலம்தான், "ஹி ஹேஸ் கம் டூ டேய்ஸ் அகோ" வராது. கதையில ஏற்கனவே இருக்கிற ஒரு நாளில இருந்து பின்னால எண்ணினால்தான் பிஃபோர்: "வென் வி ரீச்ட் பொத்துவில், ஹி ஹேட் லெஃப்ட் டூ டேய்ஸ் பிஃபோர்." அங்கயும் எண் முன்னால, பிஃபோர் பின்னால.

நெல்லுவயல்\_சம்மாந்துறை

ஒலுவில் காற்று சொன்னதில ஒரு சின்னச் சேர்க்கை. "இட் இஸ் த்ரீ இயர்ஸ் சின்ஸ் ஹி லெஃப்ட்" என்று ஒரு அமைப்பு இருக்கு. சின்ஸுக்குப் பின்னால "ஹி லெஃப்ட்" என்ற சம்பவம், அதுதான் புள்ளி. வருசக்கணக்கு முன்னால நிக்குது. பிள்ளை இதை எங்கயாவது வாசிச்சிட்டு "சின்ஸ் த்ரீ இயர்ஸ் சரிதானே" என்று வந்து நிக்கும், பதிலை ஆயத்தமா வைச்சிருங்க.

கல்லாற்று மணல்

வினையையும் சேர்த்துத் திருத்தவேணும் என்றது முக்கியம், இவ்வளவு நாளும் ஃபோர் போட்டவுடன புள்ளி குடுக்கிறதுதான் பொது வழக்கம்.

கடைசியா ஒண்டு. கடிதம் எழுதுற கேள்வியில லீவு, விண்ணப்ப முடிவு திகதி எல்லாம் வருது. அதில ஒன், ஃப்ரொம், பிட்வீன் எல்லாம் கலந்து எழுதுறாங்க. அலுவலகக் கடித வழக்கு தெரிஞ்ச ஆக்கள் யாராவது?

கச்சேரியடி

அலுவலகக் கடிதத்தில ஒரு நாள் கூடினாலும் குறைஞ்சாலும் பிரச்சினை, அதனால அங்க வழக்கு கொஞ்சம் இறுக்கம்.

முடிவு திகதி: "பிஃபோர் 30 ஜூன்" என்றால் கண்டிப்பாப் பார்த்தால் 29ஆம் திகதியோட முடிஞ்சுது. 30ஆம் திகதி கொண்டுவந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப அந்த ஒரு சொல் காணும். "பை 30 ஜூன்" என்றால் 30உம் சேரும். சந்தேகமே வரக்கூடாது என்றுதான் "ஒன் ஓர் பிஃபோர் 30 ஜூன்" என்று எழுதுறது. பிள்ளைகள் "ஒன் ஓர் பிஃபோர்" என்றதை ஒரே துண்டாப் பாடமாக்கட்டும், ஒன்னை விட்டுட்டுப் பிஃபோரை மட்டும் எழுதினால் கருத்து மாறிடும்.

லீவு: ஒரு நாள் அல்லது தனித்தனி நாட்கள் என்றால் ஒன். ரெண்டு நாளுக்கும் ஒரே ஒன் போதும்: "ஐ வோஸ் அனேபிள் டு அட்டெண்ட் ஸ்கூல் ஒன் 12 அண்ட் 13 மே." "ஒன் 12 டு 13" என்று எழுதக்கூடாது. தொடர்ச்சியான நாட்கள் என்றால் ஃப்ரொம், டு. "ஃப்ரொம் 3 டு 7 மார்ச்" என்றால் 7ஆம் திகதி லீவா, அண்டு வேலைக்கு வருவாரா என்று கேள்வி வரும். அமெரிக்கர் டுவுக்குப் பதிலாத் த்ரூ போட்டுத் தீர்ப்பாங்க. நம்மட பக்கம் திகதிகளுக்குப் பின்னால "போத் டேய்ஸ் இன்க்ளூசிவ்" என்று சேர்க்கிறது. அப்ப லீவு அஞ்சு நாள். வசனத்தில "ஃபோர் ஃபைவ் டேய்ஸ்" என்றும் எழுதினால் எண்ணிக்கை ஒத்துவருதா என்று பார்க்கவேணும், ஏழில மூண்டைக் கழிச்சு நாலு நாள் என்று எழுதுறவங்க கனபேர்.

பிட்வீனுக்குத் துணை அண்ட், ஃப்ரொம்முக்குத் துணை டு. "பிட்வீன் 9 டு 12" என்று கலக்கக்கூடாது. கருத்தும் ஒண்டில்லை. "த ஒஃபிஸர் வில் கோல் யூ பிட்வீன் 9 அண்ட் 12" என்றால் அந்த நேரத்துக்குள்ள ஒருதரம் கூப்பிடுவார். "த கவுன்டர் இஸ் ஓபன் ஃப்ரொம் 9 டு 12" என்றால் மூண்டு மணித்தியாலமும் திறந்திருக்கும். கூட்ட அறிவித்தலில "அட் 8 ஏ.எம். இன் த மோர்னிங்" என்று எழுதுவாங்க. ஏ.எம். என்றாலே காலைதான், ஒண்டை வெட்டுங்க.

நியமனம், இடமாற்றம், சம்பள மாற்றக் கடிதங்களில "வித் இஃபெக்ட் ஃப்ரொம் 1 ஜனவரி" என்று வரும். அதுக்குப் பின்னால ஒரு திகதி மட்டும் வரும், "ஃப்ரொம் ஒன் 1 ஜனவரி" என்று ஒன்னைச் செருகக்கூடாது. கடிதத்தில கையொப்பமிட்ட திகதியும் அந்தத் திகதியும் ஒண்டா இருக்கவேணும் என்று இல்லை, முந்தியும் இருக்கலாம், பிந்தியும் இருக்கலாம்.